ரோசா நிறத் தண்ணீர்

காலை 8.10. நெடுந்தீவு. ஆஸ்பத்திரி மருந்தறையில் மேரிறோஸ் நேர்ஸ் போத்தலைத் தூக்கிப் பார்த்தாள்.

நேற்று டொக்குத்தர், நோயாளி தம்பிராசாவின் குதிக்காலில் புதிதாகக் கறுத்த இடத்திலும் நல்ல தோலிலும் ஒவ்வொரு துணுக்கு வெட்டி, சீனி கலந்த சிவப்பு நீர் ஊற்றிய இரண்டு போத்தல்களில் போட்டார். எல்லார் முன்னாலும் சொன்னார்: "உடம்பிலை புற்று தொடங்கின கலம், காத்து நிறையக் கிடைச்சாலும் சீனியை அவதியாத் தின்னும், புளிப்பைக் கக்கும். தண்ணி மஞ்சளாகும். மஞ்சளானால் விடியவே யாழ்ப்பாண ஆஸ்பத்திரி. இப்ப வெட்டினால் தப்பலாம்."

விடிய இரண்டும் சிவப்பு. தம்பிராசாவின் பெயரை வள்ளப் பட்டியலில் வெட்டிவிட்டு டொக்குத்தர் துறைக்குப் போய்விட்டார். வள்ளம் எட்டரைக்கு. நாளையிலிருந்து நேவிக்காரரின் கடலடைப்பு. பிறகு எப்போது விடுவாங்களோ, ஆருக்குத் தெரியும்!

நல்ல தோல் கிடந்த போத்தல் நேற்றைய சிவப்பு. மற்றது ரோசா நிறம், அடியில் வெள்ளை மண்டி. கலம் புளிப்பைத்தானே கக்கும், சிவப்பைக் கூட்டுமா?

"மார்க்கண்டண்ணை, காலமை ஆர் வந்தது?" என்று சிற்றூழியரிடம் கேட்டாள்.

"கூட்டுறதுக்குத் திறந்தனான். தம்பிராசாவின்ரை மனிசி யோகம்மா சுடுதண்ணிக்கு வந்தவ."

"நீங்கள் வெத்திலை போடுவியள்?"

"ஓம். அவவும் போடுவா."

வெள்ளை மண்டி சுண்ணாம்பு; அது இரண்டு பேரிடமும் இருக்கிறது. ஆனால் சிவப்பு நீர் இருக்கும் அலுமாரியின் திறப்புக்கொத்து மார்க்கண்டுவின் இடுப்பில். அவர் செய்திருந்தால் புதுச் சிவப்பு நீரையே ஊற்றியிருப்பாரே!

8.19. தம்பிராசாவின் கட்டிலடி.

"யோகம்மாக்கா, சுளுக்குக்கு மஞ்சளோடை சுண்ணாம்பு குழைச்சால் என்ன நிறம்?"

"சிவப்பு..."

"போத்தலிலை மஞ்சளாக் கிடந்ததைச் சிவக்க வைச்சது நீங்கள்தான்."

"ஓம், நான்தான்!" யோகம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "என்ரை பிள்ளையைக் கடலிலை சுட்டுப் போட்டாங்கள். இவரையும் அதே கடலிலை அனுப்பச் சொல்லுறியளோ?"

"கடலிலை போனால் தப்பக்கூடும். இங்கை இருந்தால் தப்ப ஏலாது, அக்கா."

தம்பிராசா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். மனிசியின் கையைப் பிடித்தபடி அழுதார்.

8.33. தம்பிராசாவோடு துறைக்கு வந்து சேர்வதற்குள் வள்ளம் விட்டாயிற்று. மகன் போன நாளிலிருந்து கடற்கரைப் பக்கமே போகாத யோகம்மா கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கத்தினாள்: "திருப்புங்கோ! என்ரை மனிசனை ஏத்துங்கோ!"

வள்ளம் திரும்பியது.

"ஒராள்தான் ஏறலாம்!" ஓட்டி கத்தினான்.

யோகம்மா தன் கையாலேயே புருசனைத் தூக்கி வள்ளத்தில் ஏற்றினாள்.