அரை நொடி முன்னால்

அவளுடைய குரலைத் தவிர மற்றதெல்லாம் கேட்டது.

நாற்காலி முனகியது, தாள் புரண்டது, சுவரில் தொங்கிய கம்பளியில் முழங்கை உரசியது, அடுத்த வீட்டில் யாரோ குழாயைத் திருகி மூடியது என்று வேண்டாத சத்தமெல்லாம் துல்லியமாக வந்து விழுந்தது. நடுவில் இருக்க வேண்டிய குரல் மட்டும் துடைத்தெடுத்த மாதிரி காணோம். லேப்டாப் திரையில் அது மேடும் பள்ளமுமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த குரல் காதுக்கு வரவில்லை. அவன் இயர்போனைப் பிடுங்கிச் சாப்பாட்டு மேசையின்மேல் போட்டான். சாயங்காலம் ஆறு மணிக்குள் புத்தகம் முழுவதையும் அனுப்பியாக வேண்டும். அப்போது மணி இரண்டே கால்.

இந்த வருடத்தில் இது மூன்றாவது ஜோடி. முதல் ஜோடியில் வலது பக்கத்துச் சல்லடைத் தகடு உரிந்து காதுக்குள்ளேயே தங்கிவிட்டது; அதை எடுக்க டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. இரண்டாவதில் ஒயர் நான்கே மாதத்தில் வியர்வை பட்டுப் பச்சை பூத்து விறைத்துப் போனது. வாங்கும்போது என்னவோ எல்லோரும் ஆஹா ஓஹோ என்றுதான் எழுதியிருந்தார்கள். இந்த விலைக்கு இப்படி ஒரு தெளிவா, பெரிய பெரிய கம்பெனிச் சரக்கையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று. அதில் பொய் இல்லை. உதடு பிரிகிற சத்தம்கூடத் தனியாகக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கிற ஒயருக்குத்தான் ஆயுசு இல்லை. ரிப்பேர் கடைக்காரர் போன தடவை அதைக் கையில்கூட வாங்காமல் சிரித்தார். இதைப் பிரித்துச் சேர்க்கிற நேரத்துக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றார். அந்த ரோஷத்தில் அன்றைக்கே ஈயம் உருக்கி ஒயரை ஒட்டுகிற ஒரு சால்டரிங் கோலை வாங்கிக்கொண்டு வந்தவன்தான், அதற்குப் பிறகு கடைப் பக்கமே போகவில்லை.

கோளாறு எங்கே என்று அவனுக்கு இப்போது மனப்பாடம். பிளக்குக்குள் மூன்று ஒயர்கள். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. அந்தப் பொது ஒயர் அறுந்தால் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். இரண்டிலும் சமமாக இருக்கிற சத்தம் அடிபட்டு மறைந்துபோகும். ஒரு பக்கமாக ஒதுங்கி இருப்பது மட்டும் மிஞ்சும். பாட்டில் பாடுகிறவர் காணாமல் போய் வாத்தியம் மட்டும் கேட்பது இதனால்தான். அவள் ரெக்கார்டருக்கு நேர் எதிரே உட்கார்ந்து படிப்பவள். அதன் இரண்டு மைக்கிலும் அவள் குரல் சமமாக விழும். அதனால் அவள் மறைந்தாள். பயப்பட இதில் ஒன்றுமில்லை, எரிச்சல்படத்தான் நிறைய இருந்தது.

அவள் அவன் மனைவி. புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது அவள் தொழில், அதை வெட்டி ஒட்டிச் சுத்தம் செய்வது அவன் தொழில். சாமான் அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் கம்பளி அடித்து, நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவளுக்கு இடது தோளிலிருந்து சுவர் ஒரு சாண். வலது பக்கம் கதவு. ரெக்கார்டரின் ஒயர் கதவுக்கடியில் நுழைந்து வெளியே அவன் லேப்டாப்புக்கு வரும். இப்போதும் கதவைச் சாத்திக்கொண்டு கடைசி அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

போன வருடம் நாக்குக்கு அடியில் ஒரு கட்டியை எடுத்தார்கள். காயம் ஆறியது, சாப்பாடு இறங்கியது, பேச்சும் வந்தது. ழ மட்டும் வரவில்லை. மழை மளையானது, வாழ்க்கை வாள்க்கையானது. சாதாரண ஆளுக்கு இது ஒரு குறையே இல்லை, ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் வாசித்துச் சாப்பிடுகிறவளுக்கு? பதிப்பகத்துக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார். இந்த ஒரு புத்தகம் கொடுக்கிறேன், சரியாக வந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் வேறு குரல் பார்த்துக்கொள்கிறோம் என்றார். அன்றைக்கு அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுததை அவன் வெளியில் நின்று கேட்டான்.

முதல் மூன்று அத்தியாயங்களுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. ஒரு வரிக்குப் பத்துத் தடவை தடுமாறினாள். நான்காவதில் முதல் பக்கம் தாண்டியதும் திடீரென்று ஒரு தப்பும் இல்லை. ழ தேன் மாதிரி வந்தது. அவன் கேள்வி கேட்கவில்லை. வந்ததே போதும் என்று இருந்துவிட்டான்.

இப்போது பிளக்கின் மேலுறையைக் கத்தியால் கீறிப் பிரித்தான். தலைமுடி கனத்தில் ஒரு செப்பு இழை விட்டுப்போய் ஆடிக்கொண்டிருந்தது. எங்கே தொட்டால் குரல் திரும்புகிறது என்று பார்க்க, இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு நான்காம் அத்தியாயத்தின் வெட்டாத பதிவை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டான். நாற்காலிச் சத்தம். தாள் சத்தம். திரையில் அவள் குரல் ஒரு மேடு எழும்பி அறுந்தது. மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. ஏதோ ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டிருக்கிறாள். தன்னிடமிருந்த புத்தகத்தின் அச்சுத் தாளில் தேடினான். 'தழும்பு' என்று இருந்தது. பிறகு திரையில் கோடு படுத்துவிட்டது, ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாத இடத்தில் யாரோ சொன்னார்கள்.

"தழும்பு."

அதற்குப் பிறகுதான் திரையில் அவளுடைய மேடு எழுந்தது.

அவன் நிறுத்தினான். திரும்ப ஓடவிட்டான். ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போல நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் வாயில் வைத்து முழுசாகச் சொல்கிற குரல். எதிரொலி என்று முதலில் நினைத்தான். கம்பளி எங்கேயாவது கழன்றிருக்கும், வெற்றுச் சுவரில் பட்டுத் திரும்பியிருக்கும். ஆனால் எதிரொலி பின்னால்தான் வரும். இது முன்னால் வந்தது. மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தான், அதில் இல்லை. ஐந்தைத் திறந்தான். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அந்தக் குரல் முழு வரியையும் சொல்லிக்கொண்டே போனது, அது தொடங்கி அரை நொடி கழித்து அவளுடைய மேடு அதே நீளத்துக்கு எழுந்து அடங்கியது. அளந்து பார்த்தான். எல்லா இடத்திலும் அதே அரை நொடி.

அவனுக்கு வந்தது கோபம்தான். ஏதோ வாசித்துக் காட்டுகிற செயலியைப் போனில் போட்டுக்கொண்டு, அதைக் கேட்டுக் கேட்டுச் சொல்கிறாள். இவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோகும்? எழுந்து போய்க் கதவைத் தட்டினான். அவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். கையில் போன் இல்லை. அது அவன் லேப்டாப்புக்குப் பக்கத்தில்தான் சார்ஜில் கிடந்தது.

"உள்ள உனக்கு யாராச்சும் சொல்லிக் குடுக்கறாங்களா?"

அவள் டம்ளரை வாயிலிருந்து எடுத்தாள். பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"நான் ஒருத்தி உட்காரவே மூச்சு முட்டுது. இதுல இன்னொருத்தருக்கு எங்கங்க இடம்?"

"அப்புறம் எப்படி திடீர்னு ழ வந்துச்சு?"

மறுபடி சின்ன இடைவெளி. "பழகிடுச்சு," என்றாள்.

ழ சுத்தமாக இருந்தது. ஆறு மணிக்குள் முடித்துவிடலாமா என்று கேட்டான். அவள் அதற்கும் கொஞ்சம் தாமதித்து, முடித்துவிடலாம் என்றாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள், கதவு சாத்திக்கொண்டது.

அவன் கோலைச் சூடாக்கி, இழையைச் சுரண்டி, ஈயத்தைத் தொட்டு ஒற்றினான். ஈயம் பக்கத்து ஒயரில் வழிந்தது, அதை உறிஞ்சி எடுத்து மறுபடி வைத்தான். மூன்றாவது தடவை பிடித்தது. காதில் வைத்ததும் அவள் குரல் வெள்ளமாக வந்தது. அப்பா, என்ன குரல். பழைய குரலைவிடவே நன்றாக இருந்தது. அதற்கு அடியில் அந்த இன்னொன்று மூழ்கிவிட்டது, தேடினாலும் கிடைக்கவில்லை. பொது ஒயர் நன்றாக இருக்கிற எந்த மனிதனுக்கும் அது கேட்கப்போவதில்லை. அனுப்பிவிடலாம். பதிப்பகத்துக்காரர் சந்தோஷப்படுவார், அடுத்த புத்தகம் வரும், அவள் குளியலறையில் அழமாட்டாள். யார் சொல்லிக்கொடுத்தால் என்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தான். நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டான்.

சற்றுமுன் மூன்று கேள்வி கேட்டான், மூன்றுக்கும் அவள் தாமதித்துத்தான் பதில் சொன்னாள். எவ்வளவு நேரம் தாமதித்தாள்?

அரை நொடி.

இன்றைக்குக் காலையில் பால் வாங்கி வரவா என்று கேட்டதற்கும் அதே அரை நொடி. நேற்று ராத்திரி விளக்கை அணைக்கவா என்று கேட்டதற்கும். எத்தனை நாளாக அப்படி? அவன் காது அதை அவளுடைய சோர்வு என்று எடுத்துக்கொண்டிருந்தது. நாக்கில் ஆபரேஷன் ஆனவள், மெதுவாகத்தான் பேசுவாள் என்று.

கஷ்டப்பட்டு ஒற்றிய ஈயத்தை அவனே கோலால் தொட்டு உருக்கினான். பொது ஒயரைப் பிய்த்தான். உள்ளே இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பதிவை நேராகக் காதில் வாங்கினான். வெளியே வெயில் பளீரென்று இருந்தது. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். மேசையில் உருகிய ஈயத்தின் புளித்த வாசனை.

குரல் கடைசிப் பக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் தாளில் விரல் வைத்துத் தொடர்ந்தான். வரி முடிந்தது. திரையில் அவளுடைய மேடு முடிந்தது. புத்தகம் முடிந்துவிட்டது, அடியில் வெள்ளைத்தாள்தான். கதவு திறக்கும் என்று காத்திருந்தான்.

திறக்கவில்லை.

"இழு," என்றது குரல்.

திரையில் மிகச் சின்னதாக ஒரு மேடு. சொல் இல்லை அது. மூச்சு.

"விடு."

இன்னொரு சின்ன மேடு.

"இழு."

மேடு.

"விடு."

அவன் தாளிலிருந்து விரலை எடுத்தான். சற்றுமுன் ஓடவிட்ட பதிவுகளில் வரிக்கும் வரிக்கும் நடுவில் வந்த முணுமுணுப்பை அவன் கம்பளி உரசல் என்று நினைத்திருந்தான். சொற்களை மட்டும் அது சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லாவற்றையும். அவளாக ஒன்றும் செய்யவில்லை. எத்தனை நாளாக?

"இழு."

மேடு.

பிறகு குரல் நின்றது.

அவன் காத்திருந்தான். ஒரு நொடி. இரண்டு. ஐந்து. திரையில் கோடு தட்டையாக ஓடியது. நாற்காலி அசையவில்லை. தாள் அசையவில்லை. பத்து நொடி. பதினைந்து. இழுத்த மூச்சை அவள் விடவில்லை.

இயர்போனைப் பிய்த்து எறிந்தான். நாற்காலி சாய்ந்து விழுந்தது. கதவைத் தள்ளினான்.

கம்பளிகளுக்கு நடுவில் அவள் நேராக உட்கார்ந்திருந்தாள். தாள்கள் மடியில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. மார்பு ஏறியபடி நின்றிருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கண் இரண்டும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவனைப் பார்த்தாள். உதவி கேட்கிற பார்வை. ஆனால் கேட்க அவளிடம் சொல் இல்லை. யாரும் இன்னும் கொடுக்கவில்லை.

சிட்டு என்றுதான் அவன் அவளைக் கூப்பிடுவான். கூப்பிட வாயைத் திறந்தான்.

"சிட்டு."

அவன் சொல்லவில்லை.

காதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. வெறும் காதுக்கு ஒரு சாண் தள்ளி, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் முழுசாக, இந்தத் தடவை அவனுடைய குரலிலேயே சொன்னது அது.

அரை நொடி.

"சிட்டு," என்றான் அவன்.

மூச்சை விடு என்று கத்த வேண்டும். சொல் தலைக்குள் தயாராக இருந்தது. நாக்கு புரளவில்லை. மறுபடி முயன்றான். புரளவில்லை. கை நீட்டி அவள் தோளை உலுக்க நினைத்தான், கை பக்கவாட்டில் தொங்கியது. அவள் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. அவனுக்கு அவள் முகம் தெரிந்தது, அவளுக்கு அவன் முகம் தெரிந்தது. பட்டப்பகலில், கையெட்டும் தூரத்தில், இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார்கள்.