தென்றல் அடித்த கறுப்பு பெயிண்ட்

விஜயதசமி காலை. வடக்குப்பட்டில் தசரதனின் லாரி மாலையும் சந்தனமுமாக மாப்பிள்ளை போல நின்றது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பத்து மணிக்குள் ஒரகடத்துத் தொழிற்சாலையில் சரக்கு இறங்க வேண்டும். அங்கே அவருக்கு அதுதான் முதல் லோடு. தாமதமானால் அடுத்த லோடு வேறு லாரிக்குப் போய்விடும்.

தசரதன் சாவியைத் திருப்பினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். எலுமிச்சம்பழங்கள் நிம்மதியாக இருந்தன.

அவர் மகள் தென்றலுக்கு முகம் வாடிவிட்டது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அவள்தான் பூஜைக்காக லாரியின் அடிச்சட்டம் முழுவதும் கறுப்பு பெயிண்ட் அடித்தவள். தெருவில் போனவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டியிருந்தாள்.

போன் போட்டதும் லாரி எலக்ட்ரீஷியன் சசிகலா தண்டலத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். மீட்டரை பேட்டரியில் வைத்துப் பார்த்தாள்.

“பேட்டரி நல்லாத்தான் கீதுண்ணே. ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போயிருக்கும். கழட்டிக் கடைக்கு எடுத்துகினு போணும். மதியம் ஆயிடும்.”

“மதியமா? இன்னாம்மா இப்படிச் சொல்ற!” தசரதன் தலையில் கை வைத்தார்.

தென்றல் குனிந்து பார்த்தாள். இன்ஜினிலிருந்து வந்த தடிமனான செம்புப் பட்டை ஒன்று அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. பெயிண்ட் அடித்த அன்று அப்பா அதைக் கழற்றி ஒதுக்கி வைத்திருந்தார். அந்த இடத்திலும் அவள் இரண்டு முறை பெயிண்ட் அடித்திருந்தாள்.

போன மாதம் பள்ளியில் பல்பு எரியவைத்தது நினைவுக்கு வந்தது. கம்பி முனையில் இருந்த பூச்சைச் சுரண்டும்வரை பல்பு எரியவே இல்லை.

சொன்னால் எல்லாம் அவளால்தான் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் நல்ல மோட்டாரைக் கழற்றிவிடுவார்கள். தென்றல் பட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

“அக்கா, மோட்டாருக்குப் போன கரண்ட் இந்தப் பட்டை வழியாத்தானே திரும்பி வரணும்? இதுக்கு அடியில நான் பெயிண்ட் அடிச்சுட்டேன்.”

சசிகலாவின் கை நின்றது. பையிலிருந்து தடித்த கேபிளை எடுத்து, அந்தப் பட்டைக்குப் பதிலாக ஒரு முனையை இன்ஜினிலும் மறு முனையை பேட்டரியின் மைனஸிலும் மாட்டினாள்.

“அண்ணே, சாவியத் திருப்புங்க!”

லாரி ‘டுர்ர்ர்’ என்று உறுமியது. தெருவே கைதட்டியது.

“நல்லவேளை சொன்ன கண்ணு. நான் மோட்டாரையே கழட்டியிருப்பேன்” என்றாள் சசிகலா.

“பட்டையக் கழட்டுனதும், பெயிண்டச் சுரண்டாமலே மாட்டுனதும் நாந்தான்” என்று தசரதன் அசடு வழிந்தார்.

இன்ஜினை நிறுத்தினார்கள். தென்றலே உப்புத்தாளால் அந்த இடத்தை இரும்பு மின்னத் தேய்த்தாள். சசிகலா பட்டையை இறுக்கினாள். இந்த முறை எலுமிச்சம்பழங்கள் ‘பச்சக்’ என்று நசுங்கின. அப்பாவுக்குப் பக்கத்து இருக்கையில் தென்றல் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தொழிற்சாலை வாசலை அடைந்தார்கள்.

“வண்டி பளபளன்னு கீதே! பெயிண்ட் யாரு அடிச்சது?” என்று காவலாளி கேட்டார்.

தசரதன் நெஞ்சை நிமிர்த்தினார். “என் பொண்ணு! எங்க அடிக்கக் கூடாதுன்னு கண்டுபுடிச்சதும் அவதான்.”