தோணிக்குள் கறுத்தக் கல்

மேனுகாவின் கொப்பியில் முன்பக்கம் பயணத்துக்கு. கடைசிப் பக்கம் சந்தேகத்துக்கு.

முன்பக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாவற்குடாவிலிருந்து புறப்பாடு. சின்ன லொறியில் தோணியை ஏற்றிக்கொண்டு, வெல்லாவெளிக்கு அப்பால் உள்ள மலையடிக் குளத்துக்குப் போவது. ஆளுக்கொரு மிதவைச் சட்டை. பிட்டுப் பார்சல். யானைகள் தண்ணீர் குடிக்க வருமுன், மூன்று மணிக்கே திரும்புவது. தோணியில் அப்பா, அம்மா, மேனுகா.

கடைசிப் பக்கத்தில் ஒரேயொரு பெயர்தான். இமெல்டா அன்ரி.

அன்ரி பக்கத்து வளவில் இருப்பவர். பயணத் திட்டத்தை மேனுகா வாசித்தபோது, “மலைக்குக் கீழ தோணி விடப் போறீங்களா? எனக்கென்ன விசரா, நான் வரமாட்டன்” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சொன்னவர் சும்மா இருக்க வேண்டாமா? “தோணி எப்ப வாங்கின? எவ்வளவு நாளா வெயில்ல கிடக்கு?” என்று கேள்விமேல் கேள்வி. வராத ஆளுக்கு இதெல்லாம் எதற்கு?

தோணி போன வருடம் வாங்கியது. அப்பா கிரானில் வயலோடு வளர்ந்தவர். தோணியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது மிதக்கும் என்பது மட்டும்தான். அன்றிலிருந்து அது முற்றத்தில் கவிழ்ந்தே கிடந்தது.

“ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்கு வந்தாலும் பயணம் இல்ல” என்று அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேனுகா தோணிக்கு அடியில் புகுந்து பார்த்தாள். இரண்டு பலகைகளுக்கு நடுவே வெயில் கோடாகத் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மூன்று சூயிங்கத்தைத் தாடை நோகும்வரை மென்று அந்த வெடிப்பில் அடைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் முற்றத்தில் தோணி இல்லை.

“இமெல்டா அன்ரிதான் கழுவ வேணும் எண்டு ஆக்களக் கூப்பிட்டு வாவிக்கரைக்குக் கொண்டுபோனவ” என்றார் அம்மா.

வராத ஆள் எதற்காகக் கழுவ வேண்டும்? கடைசிப் பக்கத்தில் அன்ரியின் பெயருக்குக் கீழே மேனுகா இரண்டு கோடு போட்டாள்.

புதன்கிழமை பின்னேரம் வாவிக்கரைக்குப் போய்ப் பற்றைக்குப் பின்னால் குந்தினாள். அன்ரி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். அங்குமிங்கும் பார்த்தார். ஒரு கறுத்தக் கல்லைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் வீட்டுக்கு நடந்தார்.

மேனுகா ஓடிப்போய்ப் பார்த்தாள். தோணி தண்ணீருக்கு அடியில் கிடந்தது. அதற்குள் நிறையக் கல்.

இப்போதே அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பினாள். நாலு அடி வைத்ததும் நின்றாள். அன்ரி ஒருநாளும் தங்களுக்குக் கெடுதல் செய்ததில்லை. வாயைத் திறக்குமுன் தோணிக்கு என்ன ஆனது என்று பார்த்தால் என்ன?

கல்லை ஒவ்வொன்றாக எடுத்தாள். பதினொரு கல். தோணி மெல்ல மேலே வந்தது. வெட்டிய போத்தலால் கை சோரும்வரை தண்ணீரை அள்ளி ஊற்றினாள். பிறகு உள்ளே ஏறி, தண்ணீர் எப்போது பீறிடும் என்று காத்திருந்தாள்.

ஒரு சொட்டும் வரவில்லை.

வெடிப்பைத் தேடினாள். பலகைகள் நெருங்கி ஒட்டியிருந்தன. அவள் அடைத்த சூயிங்கம் பிதுங்கி வெளியே தொங்கியது.

காலையில் அம்மா ஊறப்போட்ட கடலை நினைவுக்கு வந்தது. அரைக் கோப்பையில் கிடந்த கடலை, மத்தியானம் கோப்பை நிறைய ஊதியிருந்தது. காய்ந்த பலகையும் தண்ணீர் குடித்து ஊதிவிட்டது. கல் தோணியைக் கெடுக்க வைத்ததல்ல, தண்ணீருக்குள் பிடித்து வைக்க வைத்தது.

மேனுகாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பழையபடி தோணியில் தண்ணீர் நிரப்பி, பதினொரு கல்லையும் கைக்கு வந்தபடி வைத்துவிட்டு நேரே அன்ரி வீட்டுக்குப் போனாள். அன்ரி மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“அன்ரி, தோணியில ஒரு இடம் இருக்கு. நீங்க வாறீங்களா?”

“நான்தான் வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டனே புள்ள.”

“சொன்னீங்கதான். ஆனா அப்பாக்கு வயல்தான் தெரியும். தோணி விடத் தெரிஞ்ச ஆள் வேணும்.”

செதில் சுரண்டும் சத்தம் நின்றது.

“துடுப்பு ஆர் பிடிக்கிற?”

“நீங்கதான்.”

“அப்ப சரி. நான் பின்னுக்குத்தான் இருப்பன்” என்றார் அன்ரி. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாலும் சிரிப்பு மேனுகாவுக்குத் தெரிந்துவிட்டது. கடைசிப் பக்கத்துப் பெயரை வெட்டி, முன்பக்கத்தில் எழுதினாள்.

சனிக்கிழமை மலையடிக் குளத்தில் அன்ரி துடுப்பைப் போட்ட விதத்தில் தோணி சொன்னபடி கேட்டது. அப்பா முன்னால் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்தபடி, “ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, நல்ல தோணி” என்று அம்மாவிடம் பெருமையடித்தார்.

அன்ரி குனிந்து மேனுகாவின் காதுக்குள் சொன்னார். “காஞ்ச தோணிய ஊறப்போட்டாத்தான் சரிவரும். வெடிப்பக் கண்டா உங்கட அப்பா பயணத்த நிப்பாட்டிப்போடுவார் எண்டுதான் பேசாமச் செய்தன்.”

“அப்பிடியா அன்ரி?” என்றாள் மேனுகா.

“ஓம். இன்னுமொரு கதை. கறுத்தக் கல்ல நான் முன்னுக்கு வெச்சன். அடுத்த நாள் பார்த்தா அது பின்னுக்குக் கிடக்கு. ஆர் மாத்தின?”

மேனுகா அவசரமாகப் பிட்டுப் பார்சலைப் பிரித்தாள்.

“அன்ரி, பிட்டுக்கு வாழைப்பழம் வைக்கட்டா?”

“ரெண்டு வை” என்றார் அன்ரி, கண்ணை அவள்மேலிருந்து எடுக்காமல்.