பெயர் ஒட்டாத கேபிள்

நான்கு அறைகளுக்கு நான்கு கேபிள்தான் இருக்க வேண்டும். ஆனால் மாடிப்படிக்கு அடியில், பழைய பெயின்ட்டும் ஈரச் சுண்ணாம்பும் சேர்ந்து நாறிய அலமாரிக்குள், மற்றவற்றை விட்டு விலகித் தனக்கென்று ஒரு சின்ன ஓட்டையில் ஐந்தாவது ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் ஒவ்வொன்றிலும் அறையின் பெயரை ஒட்டியிருந்தார்கள். இதில் மட்டும் எதுவும் இல்லை. கிடக்கட்டும் என்று மற்ற நான்கோடு அதையும் இன்டர்நெட் பெட்டியில் செருகினான் அவன். பச்சை விளக்கு எரிந்தது. மறுமுனையில் ஏதோ ஒரு கருவி ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்த விளக்கு எரியும்.

அவனுக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு அல்ல. பஸ்ஸிலிருந்து விழுந்து கால் முறிந்து, தொடை முதல் கணுக்கால் வரை மாவுக்கட்டோடு மாடியில் படுத்திருந்தாள் மனைவி. பள்ளிக்கூட டீச்சர், வீட்டிலும் அவன் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். அவனோ கீழே ஹாலில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஊராருக்குச் சமையலறை வரைந்து கொடுக்கிறவன். செல்போன் சிக்னல் இந்த வீட்டுக்குள் வந்து பார்த்ததேயில்லை, வைஃபையும் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கியது. அதனால் மாடிக்குக் கேபிள் வழியே இன்னொரு வைஃபை பெட்டி. கேபிளில் ஒரு கேமரா. அவள் கைக்கு ஒயர் இல்லாத ஒரு பொத்தான். அழுத்தினால் கீழே மணி அடிக்கும். எல்லாம் ஒரே வலையில் சேர வேண்டும்.

சேர்ந்தது. போனில் அவள் முகம் தெரிந்தது.

"ஒரு ஒயர் அதிகமா இருக்கு டீச்சர். அதுலயும் லைட் எரியுது."

"வாடகை குடுக்காம யாரோ கூட இருக்காங்க போல. பாதிய அவங்ககிட்ட வாங்கிக்கோங்க!"

அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேபிளைப் பிடுங்கினான். அவள் முகம் அப்படியே உறைந்து மறைந்தது. கேமரா, பொத்தான், மாடி வைஃபை எல்லாம் ஒரே அடியாகப் படுத்துக்கொண்டன. தலையைப் பிய்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தான். ஐந்தாவதைத் திரும்பச் செருகினால்தான் அவள் வந்தாள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அலமாரியை மூடினான்.

மழை பிடித்த ஒரு சாயங்காலத்தில் மணி அடித்தது. ஓடினான். அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பொத்தான் அவள் கைக்கு எட்டாமல் ஜன்னலோரம் கிடந்தது. இறங்கி வந்து உட்கார்ந்தபோது, தகரக் கூரையில் விழுந்த மழையின் இரைச்சலுக்கு அடியில், அவன் முதுகுக்குப் பின்னாலிருந்த சுவருக்குள் ஏதோ ஒன்று மெதுவாக, நின்று நின்று, மேலே உரசிக்கொண்டு போவது கேட்டது. எலியாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

போனில் அவள் குரல்.

"ஏங்க, மேல வாங்களேன். செவுத்துக்குள்ள யாரோ ஒயர இழுக்கிறாங்க."

"தோ வந்துட்டேன். பயப்படாத."

"சீக்கிரம் வாங்க..."

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். கதவு திறந்திருந்தது. விளக்கு எரிந்தது.

கட்டிலில் அவள் இல்லை.

மாவுக்கட்டு மட்டும் இருந்தது. வெட்டுப்படாமல், விரிசல் விடாமல், முழுசாக. உள்ளே கால் இல்லை. கையை விட்டுப் பார்த்தான். இன்னும் சூடாக இருந்தது.

கட்டிலுக்கு அடியில் இல்லை. குளியலறையில் இல்லை. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. தலைமாட்டுச் சுவரில், கேபிள் செருகும் இடத்தில், தீப்பெட்டி அளவுத் துளை. அதன் விளிம்பில் அவளுடைய நீளத் தலைமுடி நாலைந்து.

கீழே மணி அடித்தது.

ஓடி இறங்கி அலமாரியைத் திறந்தான். பச்சை விளக்கு. போனில் இருட்டு, இருட்டுக்குள் மூச்சு.

"டீச்சர்! எங்க இருக்க?"

"தெரியலங்க. ரொம்ப நெருக்கமா இருக்கு. கைய நீட்ட முடியல." அழுதாள். "அந்த ஒயர மட்டும் புடுங்கிடாதீங்க. அது ஒண்ணுதான் இருக்கு."

"புடுங்க மாட்டேன். சத்தியமா புடுங்க மாட்டேன்மா."

சுத்தியலை எடுத்துச் சுவரை அடித்தான். சுண்ணாம்பு உதிர்ந்தது. செங்கல். அதற்குப் பின்னும் செங்கல். அவள் அலறினாள்.

"அடிக்காதீங்க! வலிக்குதுங்க!"

சுத்தியல் கையிலிருந்து நழுவியது. அப்போதுதான் கேபிள் அசைந்தது.

உள்ளே போனது. ஒரு விரற்கடை. நின்றது. மறுபடியும் ஒரு விரற்கடை. பெட்டி அலமாரிப் பலகையில் கரகரவென்று சுவரை நோக்கி நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தால் முனை கழன்றுவிடும். கழன்றால் அவள் போய்விடுவாள். பாய்ந்து பெட்டிக்கும் ஓட்டைக்கும் நடுவில் கேபிளைப் பிடித்தான். மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

"புடிச்சிருக்கேன்டி. விட மாட்டேன்."

"விடாதீங்க." அழுகை நின்றிருந்தது. "நல்லாச் சுத்திக்கோங்க."

இழுத்தது. தோள் சுவரில் மோதியது. கைமுட்டி ஓட்டையில் போய் ஒட்டியது. சுண்டுவிரல்கூட நுழையாத ஓட்டை. விடலாம். சுற்றைப் பிரித்து விட்டுவிடலாம். அவன் விடவில்லை.

"மொதல்ல கொஞ்சம் வலிக்கும்ங்க," என்றாள் மெதுவாக. "அப்புறம் வலிக்காது."

பச்சை வெளிச்சத்தில், தன் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவருக்குள் போவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.