வலப்பக்கத்து மட்டை

தண்ணீரில் சுண்ணாம்பு ருசித்தது. கண்ணையன் முதல் மடக்கோடு நிறுத்திவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான். தெளிவாகத்தான் இருந்தது. அவன் தண்ணீர் கேட்கவும் இல்லை. குனிந்து ஸ்குரூ கழற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தபோது, உள்வாசலில் தொங்கிய பச்சைத் திரைச்சீலைக்கு அடியில் அந்த டம்ளர் வந்து உட்கார்ந்திருந்தது.

லப்பைக்குடிக்காட்டு வீடுகளில் இது புதிதல்ல. ஆண்கள் பாதிப் பேர் துபாயிலும் மஸ்கட்டிலும் கிடக்கிற ஊர். ரேடியோ, டிவி பழுது பார்க்க வருகிற வெளியாள் முன்னறையோடு நின்றுகொள்வான். பெண்கள் திரைக்குப் பின்னால் நின்று பேசுவார்கள். டீ திரைக்கு அடியில் வரும், குடித்த கிளாஸ் திரைக்கு அடியில் போகும். கண்ணையன் எந்த வீட்டிலும் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பியதில்லை. பெரம்பலூரில் வேறு மெக்கானிக்குகள் இருந்தும் இந்த ஊர்க்காரர்கள் அவனையே கூப்பிட்டதற்கு அதுதான் காரணம், கைத்திறமை அப்புறம்தான் என்று அவனுக்கே தெரியும்.

வீட்டுக்காரர் ஹபீபுல்லா பாய், அவன் வந்து உட்கார்ந்ததுமே தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார்.

"வெள்ளிக்கிழமைல வரச் சொல்லிட்டேன், கோவிச்சுக்காதீங்க. தொழுதுட்டு ஓடியாந்துடுறேன். ரெண்டு மணிக்குக் கரெண்ட எடுத்துருவான், அதுக்குள்ள பாத்துடுங்க."

அவர் போனதும் தெருவே காலியாகிவிட்டது. கடைகளின் பலகைகள் மூடப்பட்டு, சைக்கிள் மணிகூடக் கேட்காத அந்தப் பட்டப்பகலில், டிவியில் படம் தெரிய வேண்டுமென்று ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு அவன் உட்கார்ந்திருந்த அறையில் அத்தர் வாசனையும் அந்துருண்டை வாசனையும் ஈயம் பற்றவைத்த புகையும் கலந்து கனத்துக் கிடந்தன, அவற்றுக்கெல்லாம் அடியில் வெள்ளையடித்து இன்னும் காயாத சுவரின் ஈர வாசனை ஒன்று விடாமல் வந்துகொண்டிருந்தது.

"அப்பா, வூட்டுக்குப் போலாம்ப்பா." அம்சவள்ளி அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். அவள் எப்போதும் அப்படித்தான், வெடுக் வெடுக்கென்று இரண்டு இழுப்பு. பஸ்ஸில் ஏறியதிலிருந்து இழுத்துக்கொண்டே இருந்தாள். ஆறு வயது. அவளுடைய அம்மா சிந்தாமணி பிரசவத்துக்கு அரியலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளையை விட்டுவிட்டு வர ஆளில்லாமல் எரிச்சலோடு கூட்டி வந்திருந்தான்.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவன் மனம் முழுக்க அந்தப் பெட்டி மேல் இருந்தது. டிவி கேம். எண்பத்து மூன்றில் பெரம்பலூர்ப் பக்கம் டிவி நிலையமே எட்டாது. துபாயிலிருந்து வந்த டிவிகளுக்கு வீடியோ டெக்கும் இந்த மாதிரி விளையாட்டுப் பெட்டியும்தான் பிழைப்பு. சொருகினால் கறுப்புத் திரையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெள்ளை மட்டை, நடுவில் ஒரு சதுரப் பந்து. குமிழைத் திருகினால் மட்டை ஏறும், இறங்கும். பதினைந்து எடுத்தவர் ஜெயித்தார். அதற்குப் பிறகு பந்து யாருக்கும் அகப்படாது, மட்டைகளை ஊடுருவிக்கொண்டு போய்வந்துகொண்டே இருக்கும்.

அவன் வீட்டுப் பரணில் இப்படி நாலு பெட்டிகள் இருந்தன. "இது தேறாதுங்க" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்லி வாங்கி வந்தவை. ராத்திரியில் உயிர் கொடுத்து, கதவைத் தாழ்ப்பாள் போட்டுத் தனியாக ஆடுவான். மரக்கலர் உடம்பும் வெள்ளிக் குமிழ்களும் கொண்ட இந்தப் பழைய மாடல் அவனிடம் இல்லை. இதற்கும் 'தேறாது' தயாராக இருந்தது.

ஆனால் தேறியது. விட்டுப்போன ஒரு பற்றவைப்பைத் தொட்டதும் மட்டைகள் வந்துவிட்டன, இரண்டும் நடுங்கிக்கொண்டு. குமிழுக்குள் அழுக்கு ஏறினால் மட்டை நடுங்கும். இடது குமிழைத் திறந்து பெட்ரோல் துணியால் துடைத்தான், அது அடங்கியது. வலது குமிழ் நீள வயரில் தனியாக வரும். அதை எடுக்கக் கையை நீட்டும்போது அம்சவள்ளி ஸ்குரூ டப்பாவைக் கவிழ்த்தாள்.

கை ஓங்கிவிட்டான்.

"புள்ளய அடிக்காதீங்க." திரைக்குப் பின்னாலிருந்து பெண் குரல், மெதுவாக. "உள்ள அனுப்புங்க. அதையும் குடுத்து விடுங்க, எங்கூட விளையாடட்டும்."

அவனுக்கு அப்பாடா என்று இருந்தது. வலது குமிழை மகளின் கையில் திணித்தான். "போ. என் உயிர வாங்காத."

அவள் அவனை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, திரையின் அடியைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். கொலுசுச் சத்தம் நாலு எட்டு கேட்டது. திரை மூடிக்கொண்டது. வயர் மட்டும் தரையோடு நெளிந்து அதன் அடியில் போயிற்று.

ஆட்டத்தைத் தட்டிவிட்டான்.

முதலில் எல்லாம் சரியாகவே இருந்தது. வலது மட்டை கிடுகிடுவென்று நடுங்கியபடி பந்தைத் தேடி அலைந்தது, தவறவிட்டது, உள்ளே பிள்ளை கிளுக்கென்று சிரித்தாள். பெட்டி டொக் டொக்கென்று ஒலித்தது. கண்ணையன் தன்னை மறந்து ஆடினான். ஒன்பது எடுத்துவிட்டான், அவளுக்கு ஒன்றுகூட இல்லை.

அப்புறம் வலது மட்டை நடுங்குவதை நிறுத்தியது.

அவன் கை தானாகத் திருகிக்கொண்டிருக்க, கண் மட்டும் அங்கேயே நின்றது. அந்தக் குமிழை அவன் இன்னும் துடைக்கவில்லை. துடைக்காத குமிழில் மட்டை நடுங்காமல் இருக்காது. இது எண்ணெய் விட்டதுபோல வழுக்கிக்கொண்டு நகர்ந்தது, பந்து வருவதற்கு முன்பே அது வரும் இடத்தில் போய் நின்று காத்திருந்தது. சிரிப்பு இல்லை. கொலுசு இல்லை. டொக். டொக். அவனுடைய பக்கம் பந்து தப்பியது. மறுபடியும் தப்பியது.

"அம்சா?"

"ம்."

"கண்ணு, குமுழ அந்த அம்மாகிட்ட குடுத்துட்டியா?"

"பேசாம ஆடு."

அதே பெண் குரல். 'ங்க' இல்லை. மெதுவும் இல்லை. கண்ணையன் குமிழிலிருந்து கையை எடுத்தான்.

"புள்ளய அனுப்பிடுங்கம்மா. வேல முடிஞ்சுருச்சு."

"ஆட்டம் முடியட்டும்."

எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றான். கையைத் தூக்கினான். அந்த ஈர வாசனை முகத்தில் அறைந்தது. ஒரு துணிதான், விலக்கினால் மகள். ஆனால் அடுத்தவர் வீட்டுப் பெண்பிள்ளை இருக்கும் இடம், ஆம்பளை இல்லாத நேரம், தொழுகை விட்டுத் தெரு முழுக்கத் திரும்பி வரப்போகும் வேளை. என்ன சொல்லுவார்கள்? கை இறங்கிவிட்டது. இத்தனை வருஷ மரியாதை அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கியது.

அவன் பின்னால் டொக்கென்றது. அவன் ஆடாமலே அவனுக்குத் தோல்வி ஏறிக்கொண்டிருந்தது.

சுவிட்சை அணைத்துவிடலாம் என்று பாய்ந்தான். விரல் தொடுவதற்கு முன், உள்ளேயிருந்து அம்சவள்ளி வீறிட்டாள். "அப்பா, வேணாம்ப்பா!"

திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கு அவன் விரல் எப்படித் தெரிந்தது?

உட்கார்ந்தான். குமிழைப் பிடித்தான். ஜெயித்தால் விடுவாளா, தோற்றால் விடுவாளா, தெரியவில்லை. ஆடினான். பரணுக்கு அடியில் தனியாக ஆடிப் பழகிய சாமர்த்தியம் எதுவும் கைக்கு வரவில்லை. குமிழ் வழுக்கியது. பந்து வேகம் பிடித்தது. பத்துக்குப் பத்து. டொக். மேலே. டொக். கீழே. தப்பியது. தப்பியது. ஈர வாசனை. தப்பியது. அவளுக்குப் பதினாலு. இன்னும் ஒன்று. பந்து வந்தது. அவன் மட்டை அங்கேதான் இருந்தது. சத்தியமாக அங்கேதான் இருந்தது.

பதினைந்து.

வாசலில் செருப்புச் சத்தம். ஹபீபுல்லா பாய் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்ன தம்பி, தேறுமா?"

"பாய், எம்புள்ளய வரச் சொல்லுங்க. உள்ள வச்சிருக்காங்க."

"எந்த உள்ள?"

"வூட்ல அவங்க..."

"அவ தாய் வூட்டுக்குப் போயி ஒரு வாரமாச்சு. இங்க யாரு இருக்கா?" பாய் அவன் பார்வை போன திக்கைப் பார்த்தார். "அது வாசலே இல்லயே. என் தம்பிக்கு அந்தப் பக்கத்தப் பாகம் பிரிச்சு விட்டப்பயே அடைச்சாச்சு. பாக்க நல்லாருக்காதுன்னு துணிய மட்டும் விட்டு வச்சேன்."

இப்போது கண்ணையன் திரையைப் பிய்த்தெறிந்தான்.

சுவர். வெள்ளையடித்த சுவர், நிலைக்கும் நிலைக்கும் நடுவே விரிசல் இல்லாமல், தொட்டால் காய்ந்து சொரசொரத்தது. தரையோரத்தில் வயர் சுவருக்குள் போயிருந்தது. துளை இல்லை. மாவுக்குள் போட்டதுபோலச் சுண்ணாம்பு அதைச் சுற்றி மூடியிருந்தது.

"யா அல்லாஹ்" என்றார் பாய். அவர் பார்த்தது சுவரை அல்ல, டிவியை.

ஆட்டம் முடிந்த திரையில் பந்து மட்டைகளை ஊடுருவிப் போய்வந்துகொண்டிருந்தது. வலப்பக்கத்தில் அந்த மட்டை அசையாமல் நின்றது. அதை ஒட்டி, அதன் பாதி உயரத்தில், இன்னொரு மட்டை. இந்த விளையாட்டில் இல்லாத மட்டை. சின்னது. கிடுகிடுவென்று நடுங்கியது. பந்து வரும்போதெல்லாம் அதை நோக்கி எட்டியது. பந்து அதற்குள் புகுந்து போனது. மறுபடியும் எட்டியது.

"அம்சா!"

மணி இரண்டு. கரெண்ட் போயிற்று. படம் நாலு பக்கமும் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாயிற்று. புள்ளியும் நடுங்கியது. பிறகு அதுவும் இல்லை. மின்விசிறி கடைசிச் சுற்றை முடித்து நின்றது.

ஜன்னல் சாத்திய இருட்டில் கண்ணையன் சுவரோரம் மண்டியிட்டு வயரை இரண்டு கையாலும் பற்றியிருந்தான். இழுக்கவும் பயம், விடவும் பயம்.

அந்தப் பக்கமிருந்து வயர் இழுபட்டது. வெடுக், வெடுக்கென்று. இரண்டு தரம்.