ஒன்பதாம் நம்பர் கீழ்க் கட்டில்

ரத்தினம்மாளுக்கு முழங்கால் வலி. ஏணி ஏறவே முடியாது. மகள் சரளா மறுநாள் பெங்களூர் ஹெப்பகோடியில் வேலைக்குச் சேரவேண்டும். ஒரு ராத்திரி தங்க ஒக்கலிபுரத்தில் மலிவான பெண்கள் ஹாஸ்டலைப் பிடித்தார்கள். கிடைத்தது இரண்டுமே மேல் கட்டில்.

மாடி அறையில் ஐந்து இரண்டடுக்குக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் திரை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஈரத் துண்டு வாடையும் பாச்சா உருண்டை வாடையும் கலந்து வந்தன. ஒன்பதாம் நம்பர் கீழ்க் கட்டிலில் மட்டும் அரக்குச் சுடிதாரில் ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரயிலில் கேட்பதுபோலவே ரத்தினம்மாள் கேட்டுவிட்டாள். "எனக்குக் கால் முடியல கண்ணு. நீ மேல போறியா?"

"நீங்களாத்தானே கேக்குறீங்க ஆண்டி?" அந்தப் பெண் சட்டென்று எழுந்தாள். "எடுத்துக்கோங்க."

"நல்லா இருப்பே."

அவள் மேலே ஏறினாள். துருப்பிடித்த அந்த ஏணி முனகவே இல்லை. சரளா அதைக் கவனித்தாள், ஆனால் பசி நேரம். அம்மாவைப் படுக்கவைத்து, திரையை இழுத்துவிட்டு, சாப்பாடு வாங்கக் கீழே இறங்கினாள்.

வரவேற்பு மேஜையில் வார்டன் ஆஞ்சலா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். "மம்மி மேல ஏறிட்டாங்களாம்மா?"

"இல்ல மேடம், ஒன்பதுல இருந்த பொண்ணு கீழ எடம் குடுத்துட்டா."

ஜெபமாலை நின்றது.

"ஒன்பதை நாங்க யாருக்கும் குடுக்கறதே இல்லம்மா." குரல் குசுகுசுப்பாக இறங்கியது. "சுனிதான்னு ஒரு பொண்ணு. ஃப்ரெண்டு கேட்டாள்னு அவளோட ஒன்பதுல மாறிப் படுத்தா. அந்த ஃப்ரெண்டைக் கொல்ல வந்தவன் மூஞ்சியைக்கூடப் பாக்கல. திரையோட சேத்து ஏழு குத்து. மதியம் ஒன்றரைக்கு."

சுவரில் மணி ஒன்று இருபத்தொன்பது.

சரளா மூன்று மூன்று படியாகத் தாவினாள்.

மேலே அம்மா அலறினாள்.

அறையில் யாரும் இல்லை. ஆனால் ஒன்பதாம் கட்டிலின் திரை வெளியிலிருந்து உள்ளே குத்தப்பட்டு, கிழிந்து, மறுபடி விலகியது.

ஒன்று.

சரளா திரையைப் பிய்த்தாள். அம்மாவின் தோளிலிருந்து ரத்தம் தலையணைக்குப் பாய்ந்தது. குறுக்கே கையை நீட்டினாள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ உள்ளங்கையை எலும்புவரை அறுத்துக்கொண்டு போய் அம்மாவின் புஜத்தில் இறங்கியது.

இரண்டு.

மேல் கட்டிலிலிருந்து சுனிதா எட்டிப் பார்த்தாள். கண்ணில் நீர். "தினமும் குத்துறான் அக்கா. இன்னைக்கு ஒரு நாள். அவங்களாத்தானே கேட்டாங்க."

சரளாவுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. வந்தும் என்ன? அம்மா செத்துக்கொண்டிருந்தாள்.

"உன் எடத்துக்கு நீயே போடி!"

அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. சுனிதா ஏணியைக் கட்டிக்கொண்டு கெஞ்சினாள், காறித் துப்பினாள், சரளாவின் முகத்தைக் கீறினாள். சரளா விடவில்லை. அம்மாவைக் காலால் தரைக்குத் தள்ளி, அந்த இடத்தில் சுனிதாவைப் போட்டு அழுத்தினாள்.

மூன்று. நான்கு. ஐந்து. ஆறு. ஏழு.

ஒவ்வொன்றுக்கும் சுனிதா சரளாவையேதான் பார்த்தாள்.

பிறகு கட்டில் காலியாக இருந்தது. மெத்தையில் இருந்தது அம்மாவின் ரத்தம் மட்டும்.

அம்மா பிழைத்தாள். இருபத்திரண்டு தையல். வேலையும் வேண்டாம், பெங்களூரும் வேண்டாம் என்று நான்காம் நாள் சாயங்காலம் தஞ்சாவூர் வண்டியில் ஏறினார்கள். அவசரத்தில் எடுத்த டிக்கெட், பத்தும் பதினொன்றும். நடுப் படுக்கையும் மேல் படுக்கையும்.

கண்டோன்மென்ட் ஸ்டேஷன் தாண்டியதும் சரளா படுக்கை விரிக்க எழுந்தாள். அம்மா ஊசி மயக்கத்தில் ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் மெதுவாகக் கேட்டது.

"கால் வலிக்குதா ஆண்டி? ஒன்பது என்னுதுதான். கீழ படுத்துக்கறீங்களா?"

சரளா பாய்ந்து அம்மாவின் வாயைப் பொத்துவதற்குள் ரத்தினம்மாள் கண்ணைத் திறக்காமலே, பழக்கத்தில், சொல்லிவிட்டாள்.

"நல்லா இருப்பே கண்ணு."

யாரோ மேலே ஏறினார்கள். ஏணி முனகவே இல்லை.