அண்ணன் தட்டிய காசு

தண்ணீர் மறுபடியும் கறுத்திருந்தது.

சாப்பிட உட்காரும் முன்புதான் கிண்ணத்தைக் கழுவி, காய்ச்சி வடித்த நீரைப் புதிதாக ஊற்றியிருந்தார். அடியில் அண்ணனின் செப்புக்காசு கிடந்தது. ஊறப்போட்ட பழங்காசு முதலில் மண்ணை விடும், பிறகு பிசுக்கை விடும், நாலைந்து நாளில் தண்ணீர் தெளிந்துவிடும். முப்பது வருடமாகச் சேகரிப்பாளர்களுக்குக் காசு சுத்தம் செய்து கொடுக்கிறவருக்கு இது மாறிப் பார்த்த நினைவில்லை. இன்று பன்னிரண்டாம் நாள். மழை மூடிய பிற்பகலின் மங்கிய வெளிச்சத்தில் குனிந்து முகர்ந்தார். மண் வாசனை இல்லை. வலித்தைலமும், வருடக்கணக்கில் மூடியே இருந்த ஒரு உள்ளங்கையின் வியர்வையும் கலந்த வாடை.

தேய்த்தால் ஒரு நொடியில் போய்விடும். ஆனால் அழுக்கோடு சேர்ந்து, செம்பு தன்மேல் தானே வளர்த்துக்கொண்ட பழுப்புத் தோலும் உரிந்துவிடும். ஊறவிட வேண்டும், துணியில் வைத்து ஒற்ற வேண்டும், காத்திருக்க வேண்டும். காத்திருப்பதில் அவர் கெட்டிக்காரர்.

காலையில் அண்ணன் மகள் போன் செய்திருந்தாள்.

“சித்தப்பா, நாளைக்கு வர்றேன். அப்பா காசை எடுத்து வைங்க. பச்சைக் களிம்பை மட்டும் எடுத்தாப் போதும். உங்க கைதான் சும்மா இருக்காதே, பளபளன்னு ஆக்கிடாதீங்க.”

“ஆக்க மாட்டேம்மா.”

பிறகு கேட்டாள். “அப்பா கண்ணை மூடின அன்னைக்கு நிஜமாவே தட்டலையா?”

“இல்லம்மா. தட்டியிருந்தா ஓடியிருக்க மாட்டேனா?”

வாதம் வந்து அண்ணனுக்கு இடப்பக்கமும் பேச்சும் போயிருந்தன. வலக்கையில் எப்போதும் இந்தக் காசு. ஏதாவது வேண்டுமென்றால் கட்டிலின் இரும்புக் கம்பியில் மூன்று தட்டு. தண்ணீருக்கும் அதுதான், தலையணைக்கும் அதுதான், சும்மா பேச்சுத்துணைக்கும் அதுதான். அன்று இவர் ஒரு வெள்ளிக்காசை அசிட்டோனிலிருந்து அப்போதுதான் எடுத்திருந்தார். உடனே இன்னொரு முறை அலசாமல் காயவிட்டால், கரைந்த அழுக்கு மறுபடி படிந்துவிடும். அடுத்த அறையில் தட்டும் சத்தம்.

“ஒரு நிமிஷம்ணா.”

மறுபடி தட்டல். வேகமாக. ஒழுங்கில்லாமல். அவர் அலசினார், ஒற்றினார், லென்ஸில் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். தட்டல் மெதுவாகி, நீண்ட இடைவெளிகள் விட்டு, நின்றது. அப்பாடா என்று இருந்தது அவருக்கு. அந்த ‘அப்பாடா’வை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளிக்காசு மட்டும் மாசுமருவில்லாமல் வந்தது.

இப்போது இடுக்கியால் செப்புக்காசை எடுத்துத் துணியில் வைத்து ஒற்றினார். துணியில் ஒரு கறை. கட்டைவிரல் ரேகை, வளையம் வளையமாக, தெளிவாக. இன்னொரு இடத்தில் ஒற்றினார். அதே ரேகை. மூன்றாவது இடத்திலும் அதே ரேகை; காசு இன்னும் ஈரமாகவே இருந்தது.

நாளைக்கு இதை எப்படி அந்தப் பெண் கையில் கொடுப்பது?

அவர் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக, பல்லைக் கடித்துக்கொண்டு, தேய்த்தார். பழுப்புத் தோல் உரிந்து பச்சைப் புண்போலச் செம்பு சிவந்தது. காசு கதகதவென்று இருந்தது.

அடுத்த அறையில் தட்டும் சத்தம்.

மூன்று.

காசு இவர் கையில்தான் இருந்தது.

கதவைத் தள்ளினார். மெத்தையை அன்றே எடுத்துப் போட்டாயிற்று. வெறும் கட்டில். கம்பியில் பெயிண்ட் உதிர்ந்து, தட்டித் தட்டி விழுந்த சின்னச் சின்னப் பள்ளங்கள். விரலால் தடவினார். எண்ண முடியவில்லை.

“தட்டினீங்கண்ணா,” என்றார் வெற்றுக் கட்டிலிடம். “கேட்டுச்சு. எனக்குக் கேட்டுச்சு.”

கால் துவண்டது. கட்டிலில் உட்கார்ந்தார். உட்காரவில்லை, சாய்ந்தார். இடது கை தூக்க வரவில்லை. இடது கால் யாருடையதோ மாதிரிக் கிடந்தது. கூப்பிட வாயைத் திறந்தார். நாக்கு புரளவில்லை. எச்சில் மட்டும் வழிந்தது.

வலக்கையில் காசு.

தட்டினார். மூன்று முறை.

பக்கத்து அறையிலிருந்து அசிட்டோன் வாடை, இப்போதுதான் மூடி திறந்ததுபோல, குப்பென்று வந்தது. லென்ஸை மேசையில் வைக்கும் ‘டக்’. பிறகு குரல். கொஞ்சம் அலுப்போடு. அவருடைய சொந்தக் குரல்.

“ஒரு நிமிஷம்ணா.”

நாற்காலி நகரவில்லை.

அவர் வேகமாகத் தட்டத் தொடங்கினார்.